விளக்கு வைத்த பிறகு வரும் படகுகள்

உ
கராமா, துபாய்
10 அக்டோபர் 2008, வெள்ளி

அன்புள்ள தாரிணிக்கு,

வசந்தகுமாரி ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. நானும் உன் வாசு அத்தானும் நலம். அல் ஐன் ஹாஸ்டலில் நீயும், கடலுக்குள் எண்ணெய் மேடையில் வருண் தம்பியும் நலமாக இருக்கவேண்டும் என்று இன்று காலை மாருதியிடம் சொல்லியிருக்கிறேன்.

போனில் பேசலாமே என்பாய். போனில் நீ "சொல்லுங்கக்கா" என்கிறாய். நான் "ஒண்ணுமில்லம்மா, சும்மாதான்" என்கிறேன். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்ட இரண்டு பேருக்கு நடுவில் இவ்வளவுதானா விஷயம்? அதனால்தான் எழுதுகிறேன். மளிகை வேன் ஓட்டுகிறாரே கீழக்கரை செய்கு முகம்மது அண்ணன், அவர் வாரத்தில் ஒரு நாள் அல் ஐன் வருகிறார். பருப்புப் பொடி டப்பாவோடு இதையும் அவரிடம் கொடுக்கிறேன்.

இப்போது அந்தப் படகு விஷயம். போன தடவை வந்தபோது என் போனில் ஒரு விளையாட்டை ஏற்றினாய். "பசங்களுக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி துபாயிலருந்து வேலை செய்யுதான்னு பாக்கணும்க்கா. நான் சொல்ற வரைக்கும் தினமும் விளையாடுங்க" என்றாய். தவறாமல் செய்கிறேன். சாயங்காலம் விளக்கு வைத்துவிட்டு, குக்கரை ஏற்றிவிட்டு, ஜன்னல் பக்கம் உட்காருவேன். வெளியே மெட்ரோ ரயிலுக்குத் தூண் எழுப்புகிற தூசியில் ஊரே பால் கலந்தது போலிருக்கும். உள்ளங்கையில் மட்டும் நீலம். இரண்டு பாய்மரப் படகு. மேலே ஒரு இங்கிலீஷ் வார்த்தை, கீழே நாலு அர்த்தம். சரியானதை அழுத்தினால் என் படகு ஒரு படகு நீளம் நகரும். தப்பென்றால் நிற்கும். எந்தப் படகு அக்கரையை முதலில் தொடுகிறதோ அது ஜெயித்தது. என் பாயில் 99 என்று எழுதியிருக்கிறது. எதிர்ப்படகில் இப்போதைக்கு ஆளில்லை. காலிப் படகோடு போட்டி போட்டு ஜெயித்துக்கொண்டிருக்கிறேன்.

எட்டாவதோடு நின்றவள் நான். பழைய பேப்பரும் அகராதியும் வைத்துக்கொண்டு நானாகப் படித்த இங்கிலீஷ். நேற்று "ஹொரைஸன்" வந்தது. தொடுவானம். அதை அழுத்தியதும் படகு நகர்ந்தபோது, யாரோ என்னைத் தட்டிக் கொடுத்தது போல இருந்தது.

இணையத்துக்கு ஆகிற காசைக் கணக்கு நோட்டில் மளிகைக்குக் கீழே சேர்க்க மனம் வரவில்லை. "கல்வி" என்று புதுத் தலைப்புப் போட்டேன். நம் வீட்டுக் கணக்கில் இதுவரை வராத தலைப்பு. இவர் பார்த்துவிட்டு, "இந்த வீட்டுல யாரு படிக்கிறா?" என்றார். "ஏன், நான்தான்" என்றேன். 

டப்பாவைக் கழுவித் திருப்பி அனுப்பு.

வசந்தகுமாரி


அல் ஐன்
23 அக்டோபர் 2008

அன்பு அக்கா,

பொடி வந்தது. கேன்டீன் சோற்றை அதனால்தான் மன்னித்துக்கொண்டிருக்கிறேன். செய்கு அண்ணன் வாசலில் நின்று, "பொடியவிட கடுதாசி கனமா இருக்கேம்மா, இதுக்குத் தனி வாடகை வாங்கணும் போல" என்றார்.

என் அறைத் தரை முழுக்கக் காகிதம். கைப்பேசி விளையாட்டு வைத்துப் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவது பற்றி இந்தப் பத்து வருஷத்தில் எனக்குக் கிடைத்த கட்டுரைகளை அடுக்கு அடுக்காகப் பிரித்து வைத்திருக்கிறேன். மருத்துவம் ஓர் அடுக்கு, கணிதம் ஓர் அடுக்கு, மொழி ஓர் அடுக்கு. ஏசி காற்றில் எல்லாம் ஒன்றாகிவிடுகிறது என்று அதையும் அணைத்துவிட்டேன். ஆராய்ச்சிகள் எந்தத் திசையில் போகின்றன என்று முதல் அத்தியாயத்தில் சொல்லவேண்டும். படிக்கப் படிக்க ஒரே கட்டுரையைத் திரும்பத் திரும்பப் படிப்பது போல இருக்கிறது அக்கா. கொஞ்சம் மாணவர்கள், சில வாரங்கள், கடைசியில் "பிடித்ததா?" என்று ஒரு படிவம். பிடித்தது என்கிறார்கள். அத்தோடு முடிந்தது. யாரும் சொல்லாமலே ஒரு பெண் மறுநாளும் வந்து விளையாடினாளா, வந்தாள் என்றால் எதற்காக வந்தாள் என்று கேட்ட கட்டுரை என் தரையில் ஒன்றுகூட இல்லை. நான் அதைத்தான் கேட்கப் போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆரம்பம். முதல் வருஷத்து இங்கிலீஷ் வகுப்பில் இருபது சொச்சம் பெண்கள், எல்லாரும் உள்ளூர்ப் பிள்ளைகள். எதிரே யார் என்று தெரியாது, வரிசையில்லாமல் நான் கொடுத்த எண் மட்டும்தான். அந்த நேரத்தில் யார் உள்ளே இருக்கிறார்களோ அவர்களோடு சர்வர் சேர்த்துவிடும்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். முடிவு நன்றாக வந்தால் மார்ச்சில் அபுதாபி மாநாட்டில் என்னைப் பேச வைப்பதாக டாக்டர் ஹாலா சொல்லியிருக்கிறார். அவர்தான் எங்கள் துறைப் பேராசிரியர், எகிப்துக்காரர். அது நடந்தால் எனக்கு மூன்று வருஷ ஒப்பந்தம். ஒப்பந்தம் கிடைத்தால் குடும்ப வீடு. வருண் கடலை விட்டுக் கரையேறலாம். கல்யாணமான இந்த இரண்டு வருஷத்தில் நாங்கள் சேர்ந்து வாங்கிய ஒரே பொருள் ஒரு குடை. அதுவும் துபாயில் தப்பித்தவறி மழை பெய்த அன்றைக்கு.

வேலை தலைக்கு மேல் இருக்கிறது. எனக்காகவும் ஒரு விளக்கு ஏற்றுங்கள்.

தாரிணி


உ
கராமா
14 நவம்பர் 2008, வெள்ளி

அன்புள்ள தாரிணிக்கு,

விளக்கு ஏற்றினேன். உன் பெயருக்கும் தம்பி பெயருக்கும் சேர்த்து ஒரே விளக்கு. இரண்டு விளக்கு வைத்தால் இரண்டு வீடாகிவிடுமோ என்று பயம்.

எதிர்ப்படகில் ஆள் வந்துவிட்டது! முதல் நாள் 17 என்று பாய் விரித்துக்கொண்டு ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றாள். எழுந்து போய் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வந்து உட்கார்ந்தேன். சிரிக்காதே. பிறகு 8, 23, 41. இவர்கள்தான் உன் பிள்ளைகளா? நிறுத்து என்று நீ சொல்லவில்லை, அதனால் தொடர்கிறேன். நிறுத்தவேண்டும் என்றால் ஒரு வரி எழுது.

இன்னொன்றும் கேட்கவேண்டும். நீ படித்தவள், சொல்லு. நான் உட்காருவது விளக்கு வைத்த பிறகு. அந்த நேரத்தில் நம் வீடுகளில் உப்பு கேட்டு வந்தால்கூட எடுத்துக் கொடுக்க மாட்டோம், ஆனால் வந்தவர் முகம் வாடித் திரும்பவும் விடமாட்டோம். உட்கார வைத்து, நல்ல வார்த்தை சொல்லி, குங்குமம் கொடுத்துத்தான் அனுப்புவோம். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது ஒரு குழந்தை என் பக்கத்தில் வந்து நிற்கிறது. அதைத் தோற்கடித்து அனுப்ப எனக்குக் கை வரவில்லை தாரிணி. அர்த்தம் தெரிந்தே பக்கத்துப் பதிலை அழுத்துகிறேன். அவள் படகு முன்னால் போகும். எதிர்க்கரையில் ஒரு சின்னக் கொடி ஏறும். உடனே அதே பெண் இன்னொரு ஆட்டத்துக்கு வந்துவிடுவாள். எழுந்து போக எப்படி மனசு வரும்? குக்கர் விசில் எல்லாம் தாண்டிப் போகிறது. இவர் வந்து, "சோறா கஞ்சியா இன்னிக்கு?" என்கிறார்.

அதிலும் அந்த 41 இருக்கிறாளே, அவள் அவசரக்காரி. கேள்வி முழுதாக வருவதற்குள் அழுத்துகிறாள். தினமும் வருகிறாள். அவள் பெயர், முகம் ஒன்றும் தெரியாது. பாத்திரம் துலக்கும்போது அவளைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

இப்படி விட்டுக்கொடுப்பது தப்பா? தப்பென்றால் சொல்லு, திருத்திக்கொள்கிறேன்.

வசந்தகுமாரி


அல் ஐன்
5 டிசம்பர் 2008

அன்பு அக்கா,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். கிடைத்துவிட்டது!

நேற்று எல்லா ஆட்டங்களையும் கணினியில் புள்ளிகளாகப் போட்டுப் பார்த்தேன். காலையில் அங்கொன்றும் இங்கொன்றும். மதியம் வகுப்பு இடைவேளையில் கொஞ்சம். அந்தித் தொழுகைக்கு அழைக்கிற மக்ரிப் பாங்கு முடிந்து சற்று நேரம் கழித்துப் பார்த்தால் ஒரே கொத்தாகப் புள்ளிகள், ஹஃபீத் மலைப் பாதையில் ராத்திரி விளக்கு எரிகிற மாதிரி. மற்ற நேரத்தில் விளையாடுகிறவர்கள் ஒரு தடவை தோற்றால் போனை மூடிவிடுகிறார்கள். மாலையில் விளையாடுகிறவர்கள் விடாமல் விளையாடுகிறார்கள். மறுநாளும் அதே நேரத்துக்கு வருகிறார்கள். வார்த்தைத் தேர்வில் அவர்களுக்குத்தான் மதிப்பெண் கூட!

இதை நான் எந்தக் கட்டுரையிலும் படித்ததில்லை. "மாலை விளைவு" என்று பெயர் வைத்திருக்கிறேன். தொழுகை முடிந்திருக்கும், வெயில் இறங்கியிருக்கும், மனசு காலியாக இருக்கும், அப்போது வார்த்தை உள்ளே போகிறது. விளக்கு வைத்ததும் மனசு அடங்கிவிடும் என்று நீங்கள் சொல்வீர்களே, அதையே நான் விஞ்ஞானமாகச் சொல்கிறேன் பாருங்கள். டாக்டர் ஹாலா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாநாட்டில் பெரிய அரங்கில் பேசவேண்டுமாம்.

எண்ணெய் மேடைக்கு போன் போட்டேன். வருண் பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம், "பாய், எனக்கு வீடு வருது" என்று கத்தினார். எந்த வீடு, எந்தத் தெரு, ஒன்றும் தெரியாது. ஆனால் நேற்றுக் கனவில் அந்த வீட்டு ஜன்னலுக்குத் திரைச்சீலை அளவெடுத்துக்கொண்டிருந்தேன். அளக்க அளக்க ஜன்னல் நீண்டுகொண்டே போனது.

பொடி தீர்ந்துவிட்டது. புளியோதரைப் பொடி இருந்தால் அனுப்புங்கள்.

தாரிணி


உ
கராமா
19 டிசம்பர் 2008, வெள்ளி

அன்புள்ள தாரிணிக்கு,

மிகவும் சந்தோஷம். விடிவதற்கு முன் எழுந்து குளித்து, பர்துபாய் கோயிலுக்கு நடந்து போய் அர்ச்சனை செய்தேன். மார்கழிக் குளிர் இங்கேயும் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது. திரும்பும்போது ஓடையில் முதல் படகு ஆளில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

பொடியைப் பற்றி எழுதினாய். நான் கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் எழுதவில்லை. வேலை மும்முரத்தில் மறந்திருப்பாய். கோபமில்லை. புளியோதரைப் பொடி இத்துடன் வருகிறது.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். இந்த 41 இருக்கிறாளே, அந்த அவசரக்காரி, பெருநாள் விடுமுறை முடிந்து வந்ததிலிருந்து அவள் போக்கே மாறிவிட்டது. நேற்றைக்குத் திரையின் மேலே "ஜெனரஸ்" என்று வந்தது, தாராள மனசு. அவளுக்குத் தெரியாத வார்த்தையா? போன மாதம் கண் சிமிட்டுவதற்குள் அழுத்தினவள், நேற்றுத் தப்பாக அழுத்தினாள். அவள் தப்பு செய்யும்போது நான் முன்னால் போகலாமா? நானும் தப்பாக அழுத்தினேன். அடுத்த வார்த்தைக்கும் அப்படியே. பாதிக் கடலில் இரண்டு பேரும் நின்றுவிட்டோம். அலை மட்டும் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. அவள் நகரவில்லை, நான் நகரவில்லை. நேரம் முடிந்து திரை கறுத்துப் போனது. அந்த ஆட்டத்தில் யாரும் ஜெயிக்கவில்லை.

எனக்கு என்னவோ கோயில் பிராகாரத்தில் யாரோடோ பேசாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்த மாதிரி இருந்தது. பிறகுதான் கவலை வந்தது. அந்தக் குழந்தைக்கு உடம்புக்கு ஏதுமா? படித்ததெல்லாம் மறக்கிறதா? நீ விசாரித்துப் பார்.

வசந்தகுமாரி


அல் ஐன்
2 ஜனவரி 2009

வசந்தா அக்கா,

உங்கள் இரண்டு கடிதங்களையும் இன்றைக்குத்தான் படித்தேன். நவம்பர் கடிதத்தையும் சேர்த்துத்தான். அது வந்த அன்று பொடியை எடுத்துக்கொண்டு, கடிதத்தை அப்புறம் படிக்கலாம் என்று காகித அடுக்கில் சொருகினேன். அதோடு மறந்துவிட்டேன். டிசம்பர் கடிதத்தில் 41 என்ற எண்ணைப் பார்த்ததும் அடுக்கைக் கலைத்துப் போட்டு மற்றதைத் தேடி எடுத்தேன்.

99 சோதனை எண். ஆராய்ச்சி தொடங்கிய அன்றே அதை எடுத்திருக்கவேண்டும். மறந்தது நான், அது என் தவறு. ஆனால் அக்கா, விளையாட்டு என்றால் விளையாடவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாதா? தெரிந்த பதிலைத் தப்பாக அழுத்துவார்களா யாராவது? 99 ஆடிய ஆட்டங்களை எடுத்துவிட்டுப் புள்ளிகளை மறுபடி போட்டேன். மாலைக் கொத்து போய்விட்டது. சும்மா இரண்டு மூன்று புள்ளி. மாலை விளைவும் கிடையாது, மக்ரிபும் கிடையாது. நீங்கள்! கராமாவில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு வந்தவர்களுக்கெல்லாம் தாம்பூலம் கொடுத்தனுப்புகிற மாதிரி வெற்றியைக் கொடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். உங்கள் புண்ணியத்தை உங்கள் வீட்டு வாசலோடு வைத்துக்கொண்டிருக்கக் கூடாதா?

தயவுசெய்து இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

இன்னும் ஒன்று. 99 மாணவி இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். பட்டியலில் அதுவும் ஓர் எண், அவ்வளவுதான். மாநாட்டுக்குக் கட்டுரை போய்விட்டது. யாராவது எப்போதாவது கேட்டால், அக்டோபரிலேயே விளையாட்டை நிறுத்திவிட்டேன் என்று சொல்லுங்கள். அத்தானிடமும் வருணிடமும் அப்படியே சொல்லுங்கள். ஒரு வார்த்தைதான். எங்களுக்கு வரவிருக்கிற வீடு அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது.

தாரிணி


உ
கராமா
9 ஜனவரி 2009, வெள்ளி

அன்புள்ள தாரிணிக்கு,

நிறுத்திவிட்டேன். விளையாட்டை அழிக்கத் தெரியவில்லை. போனைப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துவிட்டேன். இவர் பழைய போன் ஒன்றைத் தேடிக் கொடுத்தார். ஏன் என்று கேட்டார். அந்த போனைப் பார்த்தால் கை பரபரக்கிறது என்றேன். அது உண்மை.

நீ சொல்லச் சொன்னதைப் பற்றி. நானாகப் போய் யாரிடமும் எதுவும் சொல்ல மாட்டேன். ஆனால் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன். காலையும் மாலையும் சுவாமி முன்னால் நிற்கிற வாய் இது, வேறு வாய் என்னிடம் இல்லை. என்னை யார் கேட்கப் போகிறார்கள்? உன் மாநாட்டில் இருக்கிறவர்களுக்குக் கராமாவில் ஒரு வசந்தகுமாரி இருப்பது தெரியவா போகிறது? அதனால் என்னைக் கண்டு நீ பயப்படவேண்டாம். உனக்குப் பயம் யாரைக் கண்டு என்று நீயே யோசித்துப் பார்.

நீயும் தம்பியும் ஒரு கூரைக்குக் கீழே சேரவேண்டும் என்று தினமும் நான் கேட்கிறேன். இந்த வழியாகக் கொடு என்று கேட்டதில்லை.

விளையாட்டு என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது என்கிறாய். இருக்கலாம். கடிதம் வந்தால் படிக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும்.

இனி டப்பாவில் பொடி மட்டும் வரும்.

வசந்தகுமாரி


அல் ஐன்
27 மார்ச் 2009

அன்பு அக்கா,

டப்பாக்கள் வந்தன. ஒவ்வொரு முறையும் பொடியைத் தட்டில் கொட்டி, அடியில் ஏதாவது சீட்டு இருக்கிறதா என்று பார்த்தேன். செய்கு அண்ணன்கூடக் கேட்டுவிட்டார். "என்னம்மா, ரெண்டு மாசமா சரக்கு வெறும் பொடியாத்தான் போவுது. லெட்டர் பஞ்சமா?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் அக்கா. உங்கள் கடிதத்தைப் படித்ததும் திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. படித்துவிட்டுக் கோபத்தில் கிழித்துப் போட்டேன். மாநாட்டில் பேசவேண்டியதையும் பழையபடியே எழுதி முடித்துவிட்டேன். பிப்ரவரியில் ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் ஷம்ஸா என்று ஒரு பெண் பின்னாலேயே வந்தாள். ஒல்லியான பெண், பேச்சில் எப்போதும் ஒரு குதிப்பு.

"மிஸ், தொண்ணூற்றொன்பது எங்கே? கலாஸ், அவ்வளவுதானா? இனிமே வரமாட்டாளா?"

"ஏன், நீ எந்த நம்பர்?"

"நாப்பத்தொண்ணு. அவ வராததால நாங்க யாருமே இப்போ சாயங்காலம் விளையாடறதில்ல மிஸ். போர்."

"அவ உன்கிட்ட எப்பவும் தோத்துதானே போனா?"

என்னைப் பார்த்துச் சிரித்தாள் அக்கா. ஒன்றும் தெரியாத குழந்தையைப் பார்த்துச் சிரிப்பது போல.

"வேணும்னே தோத்தா, மிஸ். கஷ்டமான வார்த்தையெல்லாம் சரியாப் போடுவா, கரை பக்கத்துல வந்ததும் 'கெஸ்ட்' தெரியாத மாதிரி நடிப்பா. எங்க காலா, அம்மாவோட அக்கா, அப்படித்தான், சீட்டு விளையாடினா எங்களை ஜெயிக்க விட்டுட்டுக் காப்பி ஊத்துவாங்க. ஈது பெருநாளுக்கு எல்லாரும் வீட்டுக்கு வந்திருந்தாங்கல்ல, அப்பவும் காலா விட்டுக்கொடுத்ததைப் பாத்துதான் எனக்கு வெக்கமாப் போச்சு. எவ்வளவு நாள் நானே வாங்கிட்டிருக்கறது? அதான் நான் நின்னேன். யல்லா, இன்னிக்கு நீ போன்னு. அவ போகவே இல்ல, மிஸ்! அவளும் நின்னா!"

அன்று அறைக்கு வந்து என் கட்டுரையைத் திறந்தேன். டிசம்பர் கடைசி ஆட்டங்களைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். படகுகள் நகரவில்லை, தவறுகள் கூடுகின்றன, ஆகவே ஆர்வம் குறைந்து மாணவர்கள் சோர்ந்துவிட்டார்கள், மற்ற ஆராய்ச்சிகளின் போக்கும் இதுவே என்று. இரண்டு பேர் ஒருவருக்கொருவர் வழிவிட்டுக் கடல் நடுவில் நின்றிருக்கிறீர்கள். அதற்கு நான் சோர்வு என்று பெயர் வைத்திருக்கிறேன். மாலை விளைவு பொய் என்பதைக்கூட என்னால் விழுங்க முடிந்தது. இதை முடியவில்லை. அந்தப் பெண்கள் வார்த்தைகளைக் கற்றுக்கொண்டது நிஜம். ஏன் கற்றார்கள் என்று நான் சொன்னது ஒன்றுகூட நிஜமில்லை.

மறுநாள் காலையில் டாக்டர் ஹாலாவின் அறைக்குப் போனேன். கேட்டுவிட்டு முதலில் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அப்படியே எழுது. ஆனால் மற்றது என் கையில் இல்லை" என்றார். பெரிய அரங்கு போய், கடைசி நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சின்ன அறை கிடைத்தது. கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் தூக்கத்தில். நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஒருவர் சத்தமாகச் சிரித்தார். மஸ்கட்டிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் மட்டும் கை தூக்கி ஒன்று கேட்டார். "அந்த அம்மாள் நேர்மையாக விளையாடி ஜெயித்திருந்தால், அந்தப் பெண் மறுநாள் வந்திருப்பாளா?" தெரியாது என்றேன். அந்த மாநாட்டிலேயே நான் சொன்ன முழு உண்மை அதுதான்.

மூன்று வருஷ ஒப்பந்தம் இல்லை. உலகம் முழுக்கப் பணத் தட்டுப்பாடு, இருக்கிற ஆட்களையே குறைக்கிறார்கள். என் வேலை ஜூனோடு முடிகிறது. வருணிடம் போனில் சொன்னேன். நீங்கள் செய்ததையும் நான் சொல்லச் சொன்ன பொய்யையும் சேர்த்துச் சொன்னேன். அவர் பக்கம் எண்ணெய் மேடையில் காற்று இரைந்துகொண்டே இருந்தது.  பிறகு, "அந்தக் குடை பத்திரமா இருக்கா?" என்றார். இருக்கிறது என்றேன். "அப்ப அதை எடுத்துக்கிட்டு வா, பாத்துக்கலாம்" என்றார்.

மன்னித்துவிடுங்கள் என்று போனில் கேட்டால் நீங்கள் "ஒண்ணுமில்லம்மா" என்பீர்கள். அதனால் எழுதிக் கேட்கிறேன்.

ஷம்ஸா தினமும் நச்சரிக்கிறாள். ஜூன் வரை சர்வர் இருக்கும். ஆராய்ச்சி முடிந்துவிட்டது, ஒன்றையும் நான் குறிக்கப் போவதில்லை. ஒரே ஒரு தடவை அவளோடு விளையாடுவீர்களா? இந்தத் தடவை நிஜமாக. அவளும் நிஜமாகவே விளையாடுவதாகச் சொல்லியிருக்கிறாள். பகலில் எந்த நேரம் என்று எனக்கு போனில் சொல்லிவிட்டால் போதும், உங்களுக்காக வருவாளாம்.

தாரிணி


உ
கராமா
10 ஏப்ரல் 2009, வெள்ளி

அன்புள்ள தாரிணிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை இவருக்கு வாசித்துக் காட்டினேன். இவர் சாயங்காலம் ஆணியும் சுத்தியலும் வாங்கி வந்து, உள்ளறை ஜன்னலில் திரைச்சீலைக் கம்பி அடித்தார். ஜூனில் நீ வந்து இறங்கப் போவது அந்த அறையில்தான். தம்பி லீவில் வரும்போது உன் ஹாஸ்டல் வாசலில் வாட்ச்மேனோடு நிற்கவேண்டாம், நேரே இங்கே வரட்டும். உன் வீடு வரும்போது வரும். அதுவரைக்கும் இது வீடுதானே. திரைச்சீலைத் துணி நீ வந்து பார்த்து எடு. எனக்குப் பூப்போட்டது பிடிக்கும், உனக்குப் பிடிக்காது என்று தெரியும்.

மன்னிப்பெல்லாம் எதற்கு? நானும் புண்படும்படித்தான் எழுதினேன். பொடி மட்டும் வரும் என்று எழுதிவிட்டு, டப்பாவை மூடும்போதெல்லாம் ஏதாவது எழுதி வைக்கலாமா என்று நின்றிருக்கிறேன்.

இப்போது ஷம்ஸா. (பெயர் தெரிந்ததும் 41 என்று கூப்பிட நாக்கு வரவில்லை.) புதன்கிழமை, இவர் டியூட்டிக்குப் போன பிறகு, உன்னிடம் சொன்ன நேரத்துக்கு போனை எடுத்தேன். நல்ல வெயில். பட்டப்பகலில் எனக்கு யாரிடமும் தயவு கிடையாது, வேண்டுமானால் கீழ்க்கடைக் காய்கறிக்காரரைக் கேட்டுப் பார். கதவைத் தாழ் போட்டேன். அடுப்பை அணைத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டேன்.

அவள் வந்து நின்றாள். வார்த்தை வந்தது. அழுத்தினேன். அவளும் அழுத்தினாள். அம்மாடி, என்ன வேகம்! இத்தனை நாள் அந்தக் குழந்தை எனக்காகக் கையைக் கட்டிக்கொண்டு விளையாடியிருக்கிறது. நானும் விடவில்லை. ஒரு தடவை அவள் பாய் முன்னால், ஒரு தடவை என் பாய் முன்னால். நீலத்துக்குள்ளேயே போய்விட்டேன். வெளியே தூண் வேலைச் சத்தம் கேட்கவில்லை, வெயில் தெரியவில்லை, நான் யார், எந்த ஊர் என்பதுகூடக் கொஞ்ச நேரம் நினைவில்லை. கடைசி வார்த்தை "ரிலக்டன்ட்". தயக்கம். எனக்குத் தெரிந்தது. அழுத்தினேன்.

கொடி என் கரையில் ஏறியது.

நான் ஜெயித்துவிட்டேன் தாரிணி.  ஐயோ, குழந்தையைத் தோற்கடித்து அனுப்பிவிட்டேனே என்றிருந்தது. கடலில் யாருமில்லை. அலை மட்டும் வந்து வந்து போனது. உன் பெரியவர் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான் போல என்று நினைத்து, போனைக் கவிழ்த்து வைக்கப் போனேன்.

பக்கத்தில் பாய் விரிந்தது. 41.

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் வார்த்தை வந்துவிட்டது. அவள் எனக்காக நிற்கவில்லை. அழுத்திவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள்.

வசந்தகுமாரி